கயிறும் மயிற்பீலியும்

தொண்டு எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், போய்ச் சேர்ந்த இடத்தில் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். மன்னார் வளைகுடாக் கரையில் ஒரு வாரம் தங்கிக் குப்பை அள்ளவும், பனங்கொட்டை ஊன்றவும், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடலைப் பற்றிச் சொல்லவும் மதுரையிலிருந்து ஒரு தொண்டர் கூட்டம் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் என்று ஊர்களைத் தாண்டி மண்டபம் போய்ச் சேர 150 கிலோமீட்டர் போல ஆகும். அங்கே இறங்கிக் கையில் சாக்கை எடுக்கும்வரை நடப்பதெல்லாம் ஏற்பாடு, அதற்குப் பிறகு நடப்பதுதான் தொண்டு என்று நாம் நினைக்கிறோம். அரிசி, பருப்பு, பாய், கூடாரம், தண்ணீர் கேன், டார்ச் லைட், முதலுதவிப் பெட்டி என்று பட்டியல் எழுதுவது குமாஸ்தா வேலை; வெயிலில் குனிந்து குப்பை பொறுக்குவது புண்ணியம். இந்தப் பிரிவினை தவறு என்பது என் வாதம். பட்டியல் எழுதும் மேசையிலேயே தொண்டின் பாவபுண்ணியம் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. யாருக்குப் பாரமாகப் போகிறோம், எந்த உயிரை மிதிக்கப் போகிறோம், யாரைக் கேட்டுவிட்டுப் போகிறோம் என்ற மூன்றுக்கும் அங்கேதான் பதில் எழுதப்படுகிறது. மூட்டை கட்டுவது சமயக் கேள்வியா என்று சிரிப்பவர்கள் உண்டு. நம் சமய மரபுகள் அப்படிச் சிரித்ததில்லை. மதுரையைச் சுற்றிய மலைகளும் மதுரையின் புராணங்களும் இதைப் பற்றி நிறையவே பேசியிருக்கின்றன.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய ஆழமில்லாக் கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டர் பரப்பை மன்னார் வளைகுடாக் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக 1986இல் அறிவித்தார்கள். அதை உள்ளடக்கிய 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு 1989இல் உயிர்க்கோளக் காப்பகமானது. 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் இன்று தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் பவளப்பாறையைப் பல ஆண்டுகள் வெட்டி எடுத்ததற்கு அதில் பெரிய பங்குண்டு. பவளப்பாறை, கடற்புல், அதை மேயும் கடற்பசு, ஆமை என்று இங்குள்ள எல்லாமே மனிதக் காலடிக்கு எளிதில் சேதப்படுபவை. தேசியப் பூங்கா என்பதால் தீவுகளில் யாரும் விருப்பம்போல் இறங்கிக் கூடாரம் அடிக்க முடியாது, வனத்துறையின் அனுமதி வேண்டும். ஆகவே முகாம் என்பது நடைமுறையில் கரையோர ஊர் ஒன்றில், பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ மணலிலோ தங்குவதாகத்தான் இருக்கும். காலியாகக் கிடக்கும் கரை ஒன்று நமக்காகக் காத்திருக்கிறது என்ற எண்ணம் இந்த முதல் அடியிலேயே அடிபட்டுப் போக வேண்டும். அங்கே ஊர் இருக்கிறது. அந்த ஊருக்கு ஒரு கிணறோ குழாயோதான் இருக்கும்.

அந்தக் கிணற்றிலிருந்தே கணக்கைத் தொடங்கலாம். ஐம்பது பேர் ஏழு நாள் தங்குகிறார்கள். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் என்றால் 1,750 லிட்டர். குளியல், துவைத்தல், கழிப்பறை எல்லாம் இதில் சேரவில்லை. சேர்த்தால் பல மடங்காகும். இராமநாதபுரம் மாவட்டத்துக்கு இது சின்னக் கணக்கல்ல. வைகை அங்கே போய்ச் சேரும் ஆண்டுகளும் உண்டு, சேராத ஆண்டுகளும் உண்டு. நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. காவிரித் தண்ணீரைக் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் அத்தனை தூரம் கொண்டுவந்தும், பல ஊர்களில் பெண்கள் குடத்தோடு காத்திருப்பதும், டிராக்டரில் வரும் தண்ணீரைக் குடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்குவதும் ஓய்ந்தபாடில்லை. அப்படியொரு ஊரில் ஐம்பது இளைஞர்கள் இறங்கி, 'உங்களுக்குச் சேவை செய்ய வந்திருக்கிறோம்' என்று சொல்லிவிட்டுத் தெருக்குழாயில் குளித்தால், அந்த ஒரு வாரம் சேவை செய்தது யார்? தங்கள் தண்ணீரை விட்டுக்கொடுத்த பெண்கள்தான். தண்ணீர் லாரிக்கு முன்கூட்டியே பணம் கட்டி ஏற்பாடு செய்யாத கணத்திலேயே, அந்தக் கூட்டத்தின் தொண்டு தலைகீழாகிவிட்டது. கடற்கரையில் எத்தனை மூட்டை குப்பை அள்ளினாலும் அது நிமிராது.

பக்தியே பாரமாக முடியும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். இராமேசுவரத்தில் அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுந்தவர்கள் உடுத்திய துணியை அப்படியே கடலில் விட்டுவிடுவது நெடுநாள் வழக்கமாக இருந்துவருகிறது. பாவத்தைக் கழித்த திருப்தியில் அவர்கள் திரும்பிவிடுவார்கள். அந்தத் துணி அலையில் மிதந்து வலையில் சிக்குவதும், அதை அள்ள யாரோ ஒருவர் தண்ணீருக்குள் இறங்குவதும் அந்தப் புண்ணியக் கணக்கில் வருவதில்லை. சித்திரைத் திருவிழாவில் மதுரையிலும் இதையே பார்க்கலாம். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் நீர்மோரும் பானகமும் அன்னமும் கொடுப்பவர்களின் மனத்தில் களங்கம் இல்லை. ஆனால் மறுநாள் காலை வைகை மணலில் கிடக்கும் கப்புகளையும் தட்டுகளையும் பொறுக்குகிறவர்கள் துப்புரவுப் பணியாளர்கள். கொடுத்தவருக்குப் புண்ணியம், குடித்தவருக்குத் தாகசாந்தி, பொறுக்கியவருக்கு முதுகுவலி. 2019 சனவரி முதல் தேதியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு மாநிலத்தில் தடை இருக்கிறது. ஆனாலும் பாத்திரத்தையும் டம்ளரையும் கழுவும் ஆட்களையும் முன்னமே திட்டமிடாத தர்மம், கடைசி நேரத்தில் கடைக்கு ஓடிக் கையில் கிடைத்ததை வாங்கும். நல்லெண்ணம் போதாது என்பதைவிட ஒரு படி கூடுதலாகவே சொல்லலாம்: ஆயத்தமில்லாத நல்லெண்ணத்தின் செலவை எப்போதும் இன்னொருவர் கட்டுகிறார்.

பெரியபுராணத்தில் தண்டியடிகள் கதை இருக்கிறது. அறுபத்துமூவரில் அதிகம் பேசப்படாதவர் இவர். பிறவியிலேயே கண் தெரியாதவர். திருவாரூர்க் கோயில் குளம் சுற்றிலும் வீடுகள் எழுந்து குறுகிப்போயிருந்தது. அதை வெட்டி அகலப்படுத்த வேண்டும் என்று அவருக்கு ஆசை. கண் தெரியாத மனிதர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடியதாகச் சேக்கிழார் பாடவில்லை. முதலில் அவர் குளத்துக்குள் ஒரு தறி நட்டார். கரையில் இன்னொரு தறி நட்டார். இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டினார். பிறகுதான் மண்ணை வெட்டிக் கூடையில் எடுத்து, கயிற்றைத் தடவிக்கொண்டே கரையேறிக் கொட்டிவிட்டு, அதே கயிற்றைப் பிடித்து இறங்கினார். அந்தக் கயிற்றை நான் வெறும் உபாயமாகப் பார்க்கவில்லை. அவர் யாரையும் 'என் கையைப் பிடித்துக் கூட்டிப்போ' என்று கேட்கவில்லை. தன் குறை என்ன என்று முதலில் ஒப்புக்கொண்டார். அந்தக் குறையின் சுமை இன்னொருவர் தோளில் ஏறாதபடி ஒரு ஏற்பாடு செய்தார். அதன் பிறகே தொண்டில் இறங்கினார். அப்பர் கையில் உழவாரம் இருந்ததை நாம் மறப்பதில்லை, படத்திலும் சிலையிலும் அது இல்லாமல் அவர் இல்லை. தண்டியடிகளின் கயிற்றுக்கும் அந்த மரியாதை கிடைத்திருக்க வேண்டும். கடலோரம் போகும் மதுரைக்காரருக்கு அந்தக் கயிறு இன்னும் நெருக்கமானது. சமவெளியில் வளர்ந்து, அலையின் இழுப்பும் மணலின் சூடும் தெரியாமல் அங்கே போகிறவர் கடலைப் பொறுத்தவரை கண் தெரியாதவர்தான். நீச்சல் தெரியாதவர் யார் யார், எந்தத் துறையில் இறங்கலாம், காற்று திரும்பினால் யாரிடம் கேட்பது என்பதெல்லாம் முன்கூட்டிக் கட்ட வேண்டிய கயிறு. கட்டாமல் போய் ஒருவர் தவறி விழுந்தால், தங்கள் வேலையை விட்டுவிட்டுக் கடலில் குதிக்கப்போவது அந்த ஊர் மீனவர்கள்.

இந்தக் கதையில் இன்னொரு பாதி இருக்கிறது, சைவர்கள் அதை வேகமாகக் கடந்துவிடுவார்கள். குளத்தை வெட்டும்போது அக்கம்பக்கத்திலிருந்த சமணர்கள் வந்து தடுத்தார்கள். மண்ணைத் தோண்டினால் அதிலிருக்கும் சிற்றுயிர்கள் சாகும், வேண்டாம் என்றார்கள். தண்டியடிகள் அதை ஏற்கவில்லை. இது சிவத்தொண்டு, இதன் பெருமை உங்களுக்குத் தெரியாது என்றார். பேச்சு முற்றி அவர்கள் அவருடைய தறியையும் கயிற்றையும் பிடுங்கினார்கள். முடிவில் அடிகளுக்குக் கண் கிடைத்தது, அவர்களுக்குப் பார்வை போயிற்று, அரசன் அவர்களை ஊரைவிட்டு விரட்டினான். சமயப் பகை முற்றியிருந்த காலத்தை நினைத்து எழுதிய கதை. வென்றது யார் என்பதில் சந்தேகத்துக்கு இடமே வைக்கவில்லை. ஆனாலும் கேட்டவர்களுக்குக் கண் போனதால் கேட்ட கேள்வி பொய்யாகிவிடாது. கயிற்றைப் பிடுங்கியது அக்கிரமம்தான், ஆனால் புழுவைப் பற்றிக் கேட்டது நியாயம். உன் புண்ணிய காரியத்தில் சாகும் சிற்றுயிருக்கு யார் பொறுப்பு என்ற அந்தக் கேள்விக்குக் கதைக்குள் பதில் இல்லை. இன்றைக்கு ஒரு கடல் பூங்காவுக்குத் தொண்டு செய்யப் போகிறவர்கள் முன்னால் அதே கேள்விதான் மறுபடி வந்து நிற்கிறது.

அந்தக் கேள்வியை வாழ்க்கையாகவே வைத்திருந்தவர்கள் மதுரையைச் சுற்றிய மலைகளில் தங்கியிருந்தார்கள். மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, அழகர்மலை, கீழக்குயில்குடிச் சமணர்மலை என்று வரிசையாக அவர்கள் தடங்கள் உண்டு. மாங்குளத்துத் தமிழிக் கல்வெட்டுகள் கிறித்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. சமண முனிவர் ஊர்விட்டு ஊர் நடந்துகொண்டே இருக்க வேண்டியவர். ஆனால் மழைக்காலத்தில் நடக்கக்கூடாது. புல்லும் புழுவும் பூச்சியும் பெருகும் பருவத்தில் காலடியில் அவை சாகும் என்பதால் நான்கு மாதம் ஓரிடத்தில் தங்கிவிட வேண்டும். கையில் மயிற்பீலி இருக்கும். உட்காருமுன் அந்த இடத்தைப் பீலியால் மெல்லத் தடவி உயிர்களை விலக்கிவிட்டே உட்கார்வார். அவர்களுடைய அறத்தில் எப்போது கிளம்பக்கூடாது என்பதும் எங்கே உட்காருவது என்பதும் விரதமாகவே ஆகியிருந்தன. இவர்கள் தங்குவதற்கு ஊரார் செய்துவைத்த ஏற்பாட்டை இன்றும் பார்க்கலாம். பாறையை வழவழப்பாகச் செதுக்கிய படுக்கை, தலை வைக்கும் பக்கம் கொஞ்சம் உயர்ந்திருக்கும். குகையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பார்கள், மழைநீர் உள்ளே வழியாமல் ஓரமாகப் போய்விடும். அழகர்மலைக் கல்வெட்டுகள் கொடை கொடுத்தவர்களைச் சொல்லும்போது பொன் வணிகர், துணி வணிகர், கொழு வணிகர் ஆகியோரோடு உப்பு வணிகர் ஒருவரையும் சொல்கின்றன. கடலோரத்து உப்பில் சம்பாதித்த காசு மதுரைப் பக்கம் ஒரு மலையில் துறவிகளின் தங்குமிடமாகியிருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே முகாம் ஏற்பாட்டை இங்கே அறமாக எண்ணினார்கள், செய்தவர் பெயரைக் கல்லில் வெட்டினார்கள் என்பதற்கு இதைவிட உறுதியான சான்று எனக்குத் தெரியவில்லை.

மயிற்பீலியின் அறம் கடற்கரையில் எப்படி வேலை செய்யும்? பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடுவது பெரும்பாலும் சனவரி முதல் மார்ச் வரை. இரவில், ஆள் அரவமும் வெளிச்சமும் இல்லாத மணலில் அவை ஏறும். முட்டை பொரிய 45 நாளுக்கு மேல் ஆகும். பொரிந்த குஞ்சு, கடல்மேல் தெரியும் வானத்தின் மங்கிய ஒளியை நோக்கி ஓடும். அதைவிடப் பிரகாசமான விளக்கு நிலப்பக்கம் எரிந்தால் திசைமாறி அங்கே போய்ச் சாகும். ஆமையைக் காப்பாற்ற வந்த கூட்டம் கரையில் தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்து பாட்டுப் பாடினால், காப்பாற்றாமல் வீட்டிலேயே இருந்திருக்கலாம். சென்னையில் 1988இலிருந்து மாணவர்களே நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்புக் குழு இரவு நடையில் வருகிறவர்களைக் கட்டுப்பாட்டோடு அழைத்துப்போகிறது. பல பருவங்களாக முட்டையைச் சேகரித்துக் குஞ்சைக் கடலில் விட்டுவரும் அவர்களுக்கு, ஆர்வத்தோடு வருகிறவரையும் அடக்கி நடத்த வேண்டியிருக்கிறது. பவளப்பாறைக்கும் இதே கதி. ஆழம் குறைந்த இடத்தில் ஒரு கால் அழுத்தி மிதித்தால் உடைவது, ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரோ சென்டிமீட்டரோ வளர்ந்துவந்த உயிர்க்கூட்டம். 2016இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்துச் செத்ததை இந்தக் கரை பார்த்திருக்கிறது. தப்பியதை நாம் மிதிக்க வேண்டியதில்லை. ஆகவே எந்த மாதம் போவது, எந்த விளக்கு எடுத்துப்போவது, எங்கே கால் வைக்கக்கூடாது என்ற முடிவுகள் வசதியைப் பற்றியவை அல்ல, கொல்லாமையைப் பற்றியவை. இவற்றை முகாம் நடக்கும்போது யோசிக்க முடியாது. அப்போது இருட்டிவிட்டிருக்கும், கையில் இருப்பது எடுத்துவந்த விளக்கு மட்டும்தான்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் இதயத்தைத் தொடுவது அணில் வாதம். இதே சேதுக்கரையில்தான் அணில் மணலில் புரண்டு, உடம்பில் ஒட்டியதைக் கொண்டுபோய்ப் பாலத்தில் உதறியது என்பார்கள். அதற்கு என்ன பயிற்சி, என்ன பட்டியல்? அன்பு இருந்தது, இராமன் முதுகைத் தடவினான். மதுரைக்காரர்கள் இதற்குப் பக்கத்தில் பிட்டுக்கு மண் சுமந்த கதையையும் வைப்பார்கள். வைகை உடைத்துக்கொண்டபோது வீட்டுக்கு ஓர் ஆள் கரை அடைக்க வரவேண்டும் என்று பாண்டியன் உத்தரவிட, ஆளில்லாத வந்தியின் கூலியாளாகச் சொக்கநாதரே வந்தார். உதிர்ந்த பிட்டைத் தின்றார், பாடினார், ஆடினார், மரநிழலில் தூங்கினார், வேலை மட்டும் செய்யவில்லை. கடவுளே ஒழுங்காக வேலை பார்க்காதபோது எங்களைப் பார்த்துப் பட்டியல் கேட்பதா என்று கேட்கலாம். ஆவணி மூலத்தில் புட்டுத்தோப்பில் கூடும் கூட்டத்துக்கு அந்தக் கூலியாள் மேல் இருக்கும் பிரியம் எனக்கும் புரிகிறது. ஆனால் கதையை நிதானமாகக் கேளுங்கள். மற்ற எல்லார் பங்கும் அடைபட்டது, வந்தியின் பங்கு மட்டும் திறந்து கிடந்தது. ஆள் சரியில்லாததால் அரசனுக்குப் பயந்து நடுங்க வேண்டியிருந்தது அந்தக் கிழவிதான். கோபம் கொண்ட பாண்டியன் பிரம்பால் அடித்த அடி ஊரிலுள்ள எல்லார் முதுகிலும் விழுந்தது. ஒரு கூடை மண்ணைக் கொட்டி உடைப்பை அடைக்கத் தெரிந்தவர் விளையாடலாம், அவருக்கு அது திருவிளையாடல். மற்றவர் விளையாடினால் கரை உடையும், அடி எல்லார் மேலும் விழும். அணிலைப் பொறுத்தவரை, அது யாருடைய சோற்றையும் தண்ணீரையும் கேட்கவில்லை. இருப்பவர்களிலேயே மிகக் குறைந்த பாரம் அதனுடையது. அந்த அளவுக்குச் சுருங்க முடிந்தவர்கள் பட்டியல் இல்லாமல் தாராளமாகக் கிளம்பலாம்.

இரண்டாவது மறுப்பு நம்பிக்கையின் பெயரால் வருவது. எல்லாவற்றையும் நாமே திட்டமிட்டால் இறைவனுக்கு என்ன வேலை, ஏற்பாட்டில் மூழ்குகிறவர் சாரத்தை விட்டுவிடுவாரே என்பார்கள். கிறித்தவர்கள் இந்த இடத்தில் மார்த்தாளையும் மரியாளையும் நினைப்பார்கள்: சமையலில் அலைக்கழிந்த மார்த்தாளைவிடக் காலடியில் அமர்ந்து கேட்ட மரியாளே நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள் என்றார் இயேசு. அந்தச் சொல்லின் கூர்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே கண்டிக்கப்பட்டது சமைத்ததா, சமைக்கும்போது தங்கையைப் பற்றிப் புகார் சொன்ன மனக்கொதிப்பா? கவலையோடும் கலக்கத்தோடும் செய்யும் ஏற்பாடு ஒன்று, அமைதியாகச் செய்யும் ஏற்பாடு இன்னொன்று. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவனை நம்பலாமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டு, பிறகு நம்பு என்று நபிகள் நாயகம் சொன்ன செய்தி இஸ்லாமிய மரபில் எல்லாரும் அறிந்தது. ஓடும் ஆற்றின் கரையிலேயே இருந்தாலும் ஒளு செய்யத் தண்ணீரை வீணாக்காதே என்ற அறிவுரையும் அங்கே உண்டு. ஆறே வராத ஆண்டுகள் உள்ள இராமநாதபுரத்தில் அது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். கீதை பலனில் பற்று வைக்காதே என்றது. செயலில் அசட்டையாக இரு என்று அது சொல்லவில்லை. செயலில் திறமையையே யோகம் என்று அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. முகாம் வெற்றி, போட்டோ, சான்றிதழ் ஆகியவற்றில் பற்றை விடலாம். தண்ணீர் லாரி வருமா என்பதில் பற்றை விட முடியாது, ஏனென்றால் அதன் பலன் நமக்கு உரியதல்ல, ஊருக்கு உரியது.

இன்னொரு சந்தேகம் இதைவிட நடைமுறையானது. ஆயத்தம், ஆயத்தம் என்று சொல்லியே கூட்டம் கடைக்குப் போய்விடும். மழைக்கோட்டு, விலையுயர்ந்த பை, காற்றடைத்த மெத்தை என்று சுமை ஏறி, எளிமை கற்கப் போனவர்கள் சாமான்களோடு திரும்புவார்கள். இது உண்மையாகவே நடப்பது, மறுப்பதற்கில்லை. ஆனால் நான் சொல்லும் ஆயத்தத்தில் சேர்ப்பதற்குச் சமமாக நீக்குவதும் உண்டு. அதற்கு மதுரையே சாட்சி. 1921 செப்டம்பர் 22ஆம் நாள், மேலமாசி வீதியில் தங்கியிருந்த காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டு முழங்காலளவு வேட்டிக்கு மாறினார். கதர் வாங்க எங்களுக்குக் காசில்லை என்று ஏழைகள் சொன்னதற்கு அவர் தேடிய பதில் அது. ஆவேசத்தில் எடுத்த முடிவல்ல. முன்பே இரண்டு முறை நினைத்துத் தள்ளிப்போட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். உடம்புக்குக் குளிர் தாங்க ஒரு போர்வையை வைத்துக்கொள்வேன் என்ற விலக்கும் அந்த முடிவிலேயே இருந்தது. போர்வையில்லாமல் காய்ச்சலில் படுத்து யாரையாவது பணிவிடை செய்யவைப்பது எளிமையாகாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கடற்கரைக்குப் போகும் பட்டியலிலும் ஒலிபெருக்கி, பட்டாசு, பிளாஸ்டிக் தட்டு, பலூன், பேனர் எல்லாம் நீக்கும் பக்கத்தில் வரும். எலக்ட்ரால் பொட்டலம், தொப்பி, சொந்தத் தட்டும் டம்ளரும், வாளி, கழிவைத் திரும்ப மதுரைக்கே கொண்டுவரச் சாக்கு இவை சேர்க்கும் பக்கத்தில். கழிவைத் திருப்பிக் கொண்டுவருவது பலருக்கு அருவருப்பாகத் தோன்றும். குப்பைக்கிடங்கு இல்லாத மீனவ ஊரில் விட்டுவிட்டு வருவது மட்டும் எப்படி அருவருப்பில்லாமல் போயிற்று என்று கேட்டுப் பார்க்கலாம்.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு இதுதான்: இவ்வளவு பாரம் என்றால் போகாமலே இருக்கலாமே? பஸ் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் அந்த ஊர்ப் பெண்களிடம் கொடுத்தால் அவர்களே கரையைக் கூடுதல் சுத்தமாக வைத்திருப்பார்கள். இதற்கு எளிய பதில் இல்லை, நானும் சொல்லப்போவதில்லை. பாம்பன், சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள் தலைமுறைகளாகத் தீவுகளின் ஓரம் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுத்துவந்தவர்கள். பூங்கா வந்த பிறகு அந்த வேலை பல இடங்களில் சட்டமீறலாகி, அவர்கள் பிடிபடவும் அபராதம் கட்டவும் நேர்ந்தது. அதற்காக அவர்கள் கடலை மொட்டையடித்துவிடவில்லை. மாதத்தில் பாதிக்கும் குறைவான நாட்களே பாசிக்குப் போவது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். கையில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, வயிற்றுப்பாட்டுக்காக மூழ்கும் அவர்களுக்கு மறுக்கப்பட்ட தீவில், அனுமதிச் சீட்டோடு ஒரு மாணவர் கூட்டம் இறங்கிப் படம் எடுத்துக்கொள்ளும் என்றால் அதில் நியாயத்தின் தராசு ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது. ஆகவே போகாமல் இருப்பதே தர்மமாக அமையும் ஆண்டுகள் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். மழைக்காலத்தில் நடையை நிறுத்திய முனிவர்களுக்குப் பிறகு இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆனால் ஒருபோதும் போகக்கூடாது என்ற முடிவுக்கு நான் வரமாட்டேன். காந்தி நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24ஆம் நாள் நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியபோது, சமுதாயப் பணி வழியாக மாணவரின் ஆளுமையை வளர்ப்பதே அதன் நோக்கம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி, அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம் எல்லாம் அதற்காகத்தான். இந்த நேர்மையை நாம்தான் மறந்துவிட்டோம். முகாமில் முதலில் பயன் பெறுவது மாணவர், ஊர் அதற்குப் பிறகே. உப்புத் தண்ணீர் என்றால் என்ன, கடலுக்குப் போன ஆள் திரும்பும்வரை ஒரு வீடு எப்படிக் காத்திருக்கும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாளில் அடுப்பு எப்படி எரியும் என்பதைச் சமவெளியில் உட்கார்ந்து கற்க முடியாது. அதைக் கற்றவர் பின்னாளில் அதிகாரியாகவோ வாக்காளராகவோ இந்தக் கரையைப் பற்றி முடிவெடுக்கும்போது அந்தப் படிப்பு பயன்படும். அப்படியானால் ஊர் ஆசிரியர், முகாமுக்கு வருகிறவர் மாணாக்கர். கொடுக்கப் போகிறவருக்கு ஆயத்தம் ஒரு திறமையாக மட்டும் இருக்கலாம், கற்கப் போகிறவருக்கோ அது கடமை. குருவின் வீட்டுக்குப் போகிறவர் குருவின் கிணற்றை வற்றவைத்துவிட்டுப் பாடம் கேட்க முடியாது. நம்மைக் கொடையாளி என்று நினைத்துக் கிளம்பும்போது பட்டியல் அலட்சியமாகிவிடுகிறது, கடனாளி என்று நினைத்தால் அது தானாகவே கவனமாகிறது. சமயங்கள் பணிவு என்று சொல்வது இந்த இடத்தில் இவ்வளவு நடைமுறையானது.

அதனால் அடுத்த பருவத்துக்கு மண்டபத்துக்கோ தொண்டிக்கோ முகாம் திட்டமிடும் மதுரைத் திட்ட அலுவலர்களிடமும் மாணவர் தலைவர்களிடமும் கேட்டுக்கொள்வது இது. அரிசிக் கணக்குக்கு முன்னால், இரண்டு பேரை ஒரு மாதம் முன்பே ஊருக்கு அனுப்புங்கள். பாசிப் பெண்கள் எந்த நாட்களில் கரையில் இருப்பார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஊருக்கு உண்மையில் என்ன வேலை செய்துதர வேண்டும், இந்த மாதம் வரலாமா என்று கேட்டு வரச் சொல்லுங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அந்த ஆண்டு முகாமை அரிட்டாபட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். மேலூருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். அங்கே போகும் முன்பும் முதலில் ஊராரைக் கேளுங்கள்.